வர்ணனை போதும், விவரம் வேண்டும்

நமது சங்கத்தின் மாத இதழானாலும் ஆண்டு மலரானாலும் பயணக் கட்டுரை இல்லாமல் வெளிவருவதில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் அன்பர்களில் யாராவது ஒருவர், தாம் கண்ட கோயிலைப் பற்றியோ மலையைப் பற்றியோ எழுதி அனுப்பிவிடுகிறார். ஆர்வத்தோடு படிக்கிறோம். அருவி என்றால் வெள்ளியை உருக்கி வார்த்தது போல் விழுகிறது. வயல் என்றால் பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருக்கிறது. கோயில் என்றால் ஸ்தல புராணம் முழுவதும் வந்துவிடுகிறது. எழுதியவர் மெய்ம்மறந்து நின்றார் என்பதும் தெரிகிறது.

ஆனால் அதைப் படித்துவிட்டு, எழுபது வயதுத் தாயாரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் புறப்படும் குடும்பத் தலைவருக்கு அந்தக் கட்டுரையால் என்ன பயன்? ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கும்? அங்கிருந்து பஸ் உண்டா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், படி ஏற வேண்டுமா, பாறை தாண்ட வேண்டுமா? பெண்களுக்குக் கழிப்பிடம் இருக்கிறதா? எந்த மாதத்தில் போகக் கூடாது? இவற்றில் ஒன்றுக்கும் விடை இருக்காது. மெய்ம்மறந்து நின்றவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார் போலும்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு இது பெரிய குறை இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு போவார்கள். நம் நிலை அப்படி அல்ல. வருஷத்தில் இருபது நாள் லீவு. அதில் இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், சொந்தக்காரர் வீடுகள். மிச்சம் இருக்கும் ஒரு நாளில்தான் பிள்ளைகளுக்கு எதையாவது காட்ட வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நம் பக்கத்து மண்ணும் மழையும் வெயிலும் பழக்கமில்லை. அவர்களை அழைத்துப் போகும் நமக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆகவே வெளியூரில் வாழும் தமிழர்களுக்காக நடத்தப்படும் ஓர் இதழில் வர்ணனையைக் குறைத்து விவரத்தைக் கூட்ட வேண்டும் என்பது என் கருத்து.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830-ல் பரிவாரத்தோடு புறப்பட்டு, திருப்பதி, கடப்பை, ஹைதராபாத் வழியாகக் காசி வரை போய், அடுத்த ஆண்டு சென்னை திரும்பினார். அவருடைய காசி யாத்திரை நூல் தெலுங்கில் 1838-ல் அச்சாயிற்று. தங்க இடம் உண்டா, கடையில் சாமான் கிடைக்குமா, தண்ணீர் எப்படி, பாதை எப்படி என்று ஊர் ஊராக எழுதி வைத்தார் அந்த மனிதர். பின்னால் வருகிறவன் பட்டினி கிடக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த எழுத்தில் இருக்கிறது. தமிழில் ஏ. கே. செட்டியாரும் சோமலெயும் விவரத்துக்கு மதிப்புக் கொடுத்து எழுதியவர்கள். அந்த வழக்கம் நடுவில் எங்கோ விட்டுப்போயிற்று.

நான் சொல்வதை ஓர் உதாரணத்தோடு விளக்கினால் தெளிவாக இருக்கும். வரதய்யபாளையத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பெயரே வழி தவறச் செய்யும்

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் ஊருக்குப் போகும்போதெல்லாம் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் போய் வருகிறவர்கள். தடாவிலிருந்து காளஹஸ்திக்குப் போகும் சாலையில்தான் வரதய்யபாளையம் இருக்கிறது. வெகு காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்தில் உள்ள சத்தியவேடு தாலுகாவின் கதை நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றம் நடந்தபோது, திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்ததற்கு ஈடாக, திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களிலிருந்து கிராமங்களைப் பிரித்து உண்டாக்கி ஆந்திரத்துக்குக் கொடுத்த தாலுகா அது. ஆகவே அந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. வழி கேட்பதற்குத் தமிழே போதும். இரண்டு வார்த்தை தெலுங்கு பேசினால் கூடுதல் மரியாதை கிடைக்கும்.

சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் 2008-ல் தொடங்கியது. சென்னை மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்துக்கான பெட்டிகளில் பெரும்பகுதி அங்கே உள்ள தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதை ரயில்வேக்காரன் என்ற முறையில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இந்தத் தொழிற்சாலைகளால் சாலையில் லாரிகளும் கம்பெனி பஸ்களும் அதிகம். இருட்டிய பிறகு வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஊருக்கு மேற்கே மலைகள். அந்தக் காப்புக்காட்டுக்குள் இருக்கும் உப்பலமடுகு அருவிதான் சென்னை இளைஞர்கள் 'தடா அருவி' என்று சொல்லும் இடம். முதல் குழப்பமே இங்கேதான். தடா அருவி தடாவில் இல்லை. தடா ஸ்டேஷனில் இறங்கி அருவி எங்கே என்று தேடினால் கடற்கரைப் பக்கத்து மணல் சமவெளிதான் கண்ணில் படும். அங்கிருந்து வரதய்யபாளையம் சுமார் 15 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. அதையும் தாண்டி மலையடிவாரத்துக்குப் போய், அதன் பிறகு நடக்க வேண்டும்.

அருவியின் சொந்தப் பெயரில் நமக்கு ஒரு விவரம் ஒளிந்திருக்கிறது. தெலுங்கில் 'மடுகு' என்றால் நம் தமிழில் 'மடு'. ஆழமாகத் தண்ணீர் தங்கும் இடம் என்று பொருள். அந்தக் காலத்து மக்கள் பெயரிலேயே எச்சரிக்கை வைத்துவிட்டார்கள். நாம் 'தடா அருவி' என்று மாற்றிக் கூப்பிட்டு அந்த எச்சரிக்கையைத் துடைத்துவிட்டோம். அதே காட்டில் சித்துலகோனா என்ற இடத்தில் சிவ வழிபாடு உண்டு. மகா சிவராத்திரியில் சுற்று வட்டார மக்கள் கூடுகிறார்கள். 'கோன' என்பது மலையிடுக்குப் பள்ளத்தாக்கு.

போவது எப்படி?

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் புறநகர் வண்டிகளில் சூலூர்பேட்டை வரை போகும் வண்டி தடாவில் நிற்கும். கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும் வண்டிகளே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், ஏறுமுன் வண்டி எதுவரை என்று பார்த்து ஏற வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஏளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. திரும்பும் வண்டி நேரத்தைப் போகும்போதே ஸ்டேஷனில் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. வடக்கேயிருந்து எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் சென்னை வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை. தங்கள் வண்டி நிற்பதைப் பொறுத்துக் கூடூரிலோ நாயுடுபேட்டையிலோ சூலூர்பேட்டையிலோ இறங்கலாம். திருப்பதிப் பக்கமிருந்து வருகிறவர்கள் காளஹஸ்தியிலிருந்து சாலை வழியாக வரலாம்.

சென்னையில் வாடகைக் கார் எடுத்தால், ஆந்திரத்துக்குள் போகப் பெர்மிட் உண்டா, அதற்கான பணம் வாடகையில் சேர்ந்ததா என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். எல்லையில் நின்று டிரைவரோடு தகராறு செய்து ஒரு மணி நேரத்தை இழந்த குடும்பங்களின் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். வரதய்யபாளையத்தைத் தாண்டினால் சாப்பாட்டுக்கோ நல்ல தண்ணீருக்கோ நம்பி இருக்க முடியாது; ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு.

காட்டுக்குள் போவது வனத்துறை அனுமதிக்கு உட்பட்டது. சோதனைச் சாவடியில் நுழைவுக் கட்டணம் செலுத்தி, அவர்கள் திறந்துவிட்ட பாதையில், அவர்கள் சொன்ன நேரத்துக்குள் போய் வர வேண்டும். பிளாஸ்டிக்கும் மதுவும் கொண்டு போகக் கூடாது. மழைக்குப் பின் மூடியிருக்கிறார்கள் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுவதே அறிவு. சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டீஸ்வரர், நாகலாபுரம் வேதநாராயணப் பெருமாள், புலிக்காட் ஏரி, குளிர்காலத்தில் நேலப்பட்டு பறவைகள் என்று அந்த வட்டாரத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கின்றன. முதியவர்கள் கூட இருந்தால் இவையே மேல். அருவிக்குப் போகும் வழி பாறையும் ஓடையுமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்குக் கட்டுரை ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

அனுமதியில்லாத பாதையில் புகுந்து பார்க்கும் சாகசம் இந்த மாவட்டத்துக் காடுகளில் கூடவே கூடாது. செம்மரக் கடத்தலைத் தடுக்க இங்கே காவல் கடுமையானது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்க முடியாது. அதன் நியாய அநியாயம் வேறு விஷயம். காடு காவலில் இருக்கிறது என்ற விவரம் பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது போகலாம், எப்போது கூடாது

அந்த மலைகளுக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டும், புயலும் வரும். மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன் உள்ள இடைக்காலம், அதாவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, குடும்பத்தோடு போக ஏற்ற காலம். நாம் ஊருக்குப் போவதோ ஏப்ரல், மே மாதங்களில். அப்போது அருவியில் தண்ணீர் குறைந்திருக்கும், பாறை கொதிக்கும், காட்டுத் தீ அபாயமும் உண்டு. கோடையில் போகிறவர்கள் அருவியை விட்டுவிட்டுக் கோயில்களையும் ஏரியையும் பார்த்து வரட்டும்.

மலைப்பாதைக்கு நேரம் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1892-ல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்னது: சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூட்ட வேண்டும். இது நல்ல பாதையில் திடகாத்திரமானவர்களுக்கு. பாறை தாண்டி, ஓடை கடந்து, குழந்தையைக் கைப்பிடித்து நடக்கும் குடும்பத்துக்கு இதை இரண்டால் பெருக்க வேண்டும் என்பேன். டிசம்பரில் அந்தப் பக்கம் மாலை 5-45 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டு கட்டும். ஆகவே எங்கே இருந்தாலும், அருவியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும் என்று புறப்படும்போதே தீர்மானித்துவிட வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்ற பேச்சுக்கு இடமே கொடுக்கக் கூடாது.

தண்ணீர் விஷயம்

இந்த விஷயத்தை விளையாட்டாக எழுத என்னால் முடியாது. உப்பலமடுகுக் குட்டைகளில் இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்தியை நாளேடுகள் பல முறை வெளியிட்டிருக்கின்றன. ஏரியில், கிணற்றில் நீந்தக் கற்றவர்களுக்கும் பாறைக் குட்டை ஆபத்தானது. கரையிலிருந்து சரிவாக ஆழம் கூடுவதில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் இடுப்பு, அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம். பாறையில் பாசி, ஏறிவரக் கைப்பிடி கிடைக்காது. அருவி விழும் இடத்தில் தண்ணீர் ஆளைக் கீழே அழுத்தும். தவிர, மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடை திடீரென்று பெருகும். கலங்கல் நிறம், மிதந்து வரும் இலை சருகு, இரைச்சலில் மாறுதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். திரும்பும் வழியில் ஓடை குறுக்கே வந்தால் கடக்க முயலாமல் வடியும் வரை காத்திருக்க வேண்டும்.

ரயில்வேயில் ஒவ்வொரு முக்கியமான பாலத்தின் தூணிலும் உச்ச வெள்ள அளவும் அபாய அளவும் வர்ணத்தால் குறித்திருக்கும். தண்ணீர் அபாயக் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே உள்ள பாலத்தில் தண்ணீர் ஏறியதால் சென்ட்ரலிலிருந்து எத்தனையோ வண்டிகள் ரத்தாயின. பிரயாணிகள் கோபித்துக்கொண்டார்கள், ஆனால் ஒருவரும் ஆற்றில் விழவில்லை. அந்தக் கோடு ஒரு டப்பா வர்ணம்தான். மலை ஓடைகளிலும் குட்டைகளிலும் அப்படி ஒரு கோடு, ஆழம் எழுதிய ஒரு பலகை, அதுவும் தமிழிலும் தெலுங்கிலும், இருக்க வேண்டும். அது இருக்கும் இடத்தில் அதை மதிக்க வேண்டும். இல்லாத இடத்தில் அடி தெரியாத தண்ணீரில் இறங்குவதில்லை என்று குடும்பத்துக்குள் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருவர் மூழ்கினால் மற்றவர் குதிப்பதுதான் இரண்டாவது உயிரையும் வாங்குகிறது. கயிறு, வேட்டி, புடவை, துப்பட்டா, நீளக் கழி எதுவானாலும் கரையில் இருந்தபடியே எறிந்து இழுக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலத்திலும் உண்டு. ஆனால் எல்லைப் பகுதியில் செல்போன் எந்த மாநிலத்து கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் 'ஆந்திரப் பிரதேசம், திருப்பதி மாவட்டம், வரதய்யபாளையம் மண்டலம்' என்று சொல்லிவிட்டு அப்புறம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த மூன்று பெயர்களும் ஒரு தாளில் எழுதிப் பையில் இருந்தால் பதற்றத்தில் மறக்காது.

லெசோத்தோ சொல்லும் பாடம்

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்று ஒரு மலைநாடு இருக்கிறது. 1966 அக்டோபர் 4-ல் விடுதலை பெற்றது. பரப்பு முப்பதாயிரம் சதுர கிலோமீட்டர். பழைய சித்தூர் மாவட்டத்தைப் போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா. 1860 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய நேட்டால் அதன் கிழக்கு எல்லையை ஒட்டியது. இன்று ஜோகன்னஸ்பர்க், டர்பன் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் போய் வரக்கூடிய நாடு. நாடு முழுவதும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலேயே இருக்கிறது. ரயில் என்று பார்த்தால், 1905-ல் போட்ட கிளைப்பாதை எல்லையைத் தாண்டித் தலைநகர் மசேருவுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போகிறது, அவ்வளவுதான். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே உத்தியோகம் இல்லை.

அந்த நாட்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் விவரங்களைப் பாருங்கள். ஒன்று: தென்னாப்பிரிக்கா வழியாகவே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், தென்னாப்பிரிக்க விசா பல முறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும், ஒரு முறை விசாவோடு போனால் திரும்பும்போது எல்லையில் நிற்க வேண்டியதுதான். இரண்டு: அங்கே பணம் லோட்டி. தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம், ராண்டும் செல்லும். ஆனால் லோட்டி தென்னாப்பிரிக்காவில் செல்லாது. திரும்புமுன் செலவழித்துவிட வேண்டும். மூன்று: பருவம் நமக்கு நேர் எதிர், ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம், மலையில் பனி பெய்யும். நமது கோடை உடுப்போடு போனால் நடுங்க வேண்டும். நான்கு: நேட்டால் பக்கமிருந்து ஏறும் சானி கணவாய்ச் சாலை 2,800 மீட்டருக்கு மேல் போகிறது, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி இல்லாவிட்டால் அடிவாரத்துச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லைச் சாவடி இரவில் மூடிவிடும். ஐந்து: உள்மலைக் கிராமங்களுக்கு உள்ளூர் ஆளோடு மட்டக் குதிரையில் போகலாம். செமோன்காங் அருகே 192 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மலெட்சுன்யானே அருவிக்கு வருகிறவர்களை அப்படித்தான் அழைத்துப் போகிறார்கள்.

இந்த ஐந்திலும் ஓர் உவமை கூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பணத்தையோ நாளையோ உயிரையோ காப்பாற்றும். ஐந்தாவது விவரத்தில் இன்னொரு நன்மை இருக்கிறது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி கிராமத்திலேயே தங்குகிறது. வருகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்ற அக்கறை கிராமத்துக்கு ஏற்படுகிறது. நம் பக்கத்திலும் இந்த வழி வந்துகொண்டிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தத் துக்கத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டியும் ஏற்படுத்தியது. வரதய்யபாளையம் பக்கத்துக் காடுகளை அறிந்த யானாதி மக்களுக்கும் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் அப்படி ஒரு முறையான பிழைப்பு கிடைத்தால் குட்டைகளில் இத்தனை மரணம் நேராது என்பது என் நம்பிக்கை.

இரண்டு ஆட்சேபணைகள்

'எல்லாம் செல்போனில் இருக்கிறதே, இதழில் எதற்கு?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். செல்போன் பாதையைக் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருக்கும் குறிப்பு எந்த வருஷம், எந்த மாதம் எழுதியது என்று யார் பார்க்கிறார்கள்? பிப்ரவரியில் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தவர் எழுதியதைப் படித்துவிட்டு நவம்பரில் இறங்கினால் என்ன ஆகும்? மலைக்குள் சிக்னல் போய்விட்டால் அந்தக் குறிப்பும் போய்விடும். ரயில்வேயில் விதிப் புத்தகம் அச்சான பிறகும் திருத்தச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். அதை ஒட்டாத புத்தகத்தை நம்பி வேலை செய்ய மாட்டோம். பயணக் குறிப்புக்கும் தேதி வேண்டும். எழுதியவர் பெயர் வேண்டும். மாறுதல் தெரிந்தவர் திருத்தம் அனுப்ப வேண்டும். முகம் தெரிந்தவர்கள் எழுதி, முகம் தெரிந்தவர்கள் படிக்கும் சங்க இதழில்தான் இது நடக்கும். தவறாக எழுதினால் பொங்கல் விழாவில் பிடித்துக் கேட்டுவிடுவார்கள் அல்லவா!

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. 'விவரம் எழுதினால் கூட்டம் கூடும். காடு குப்பையாகும்' என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் கூட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. வர்ணனையும் படங்களும் அதை அழைத்து வந்துவிட்டன. விவரம் தெரியாத கூட்டம்தான் பிளாஸ்டிக் எறிகிறது, பாறையில் பெயர் எழுதுகிறது, குட்டையில் குதிக்கிறது. விவரம் தெரிந்தவர்களில் சிலர் 'இது நமக்கு ஏற்ற இடம் அல்ல' என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடுவார்கள். அதுவும் விவரத்தால் வரும் நன்மையே.

நம் சங்கம் செய்யக்கூடியது

என் யோசனை எளியது. பயணக் கட்டுரை அனுப்பும் ஒவ்வொருவரும் கட்டுரையோடு ஒரு பக்கக் குறிப்பும் இணைக்க வேண்டும் என்று ஆசிரியர் குழு விதி வைக்கலாம். அதில் பத்துக் கேள்விகள் இருக்கட்டும்.

1. போன தேதி, மாதம், வருஷம்.
2. கிட்டத்து ரயில் நிலையம், அங்கிருந்து தூரம், வாகன வசதி.
3. திரும்புவதற்கான கடைசி வண்டி அல்லது பஸ்.
4. அனுமதி, கட்டணம், திறக்கும் நேரம், மூடும் நேரம்.
5. நடக்க வேண்டிய தூரம், படிகள் அல்லது ஏற்றம், உண்மையில் ஆன நேரம்.
6. முதியவர், குழந்தை, கர்ப்பிணிகளுக்கு ஏற்றதா?
7. குடிநீர், சாப்பாடு, கழிப்பிடம்.
8. போகக்கூடாத மாதங்கள், அதற்குக் காரணம்.
9. உள்ள ஆபத்து, அருகில் உள்ள ஆஸ்பத்திரி, செல்போன் சிக்னல் கிடைக்கும் கடைசி இடம்.
10. ஒரு குடும்பத்துக்கு ஆன மொத்தச் செலவு.

இதை நிரப்பக் கால் மணி நேரம் போதும். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் தொகுத்து, திருத்தங்களோடு, மலரில் நான்கு பக்கம் ஒதுக்கினால் ஐந்தே வருஷத்தில் நம் சங்கத்திடம் ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகம் சேர்ந்துவிடும். சங்க நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் புதிதாக வந்து சேரும் குடும்பங்களுக்கும் உதவும். பிள்ளைகளைக் கொண்டே நிரப்பச் சொல்லலாம்; தமிழ் எழுதிப் பழகவும் அது ஒரு வாய்ப்பு.

அழகை வர்ணிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், நானும் படிப்பேன். விவரத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் வெள்ளியை உருக்கட்டும். வரதய்யபாளையம் பற்றி மேலே நான் எழுதியதில் மாறுதல் கண்டவர்கள் ஆசிரியருக்குத் தெரிவித்தால் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடலாம். இந்த டிசம்பர் விடுமுறைக்கு அந்தப் பக்கம் போக எண்ணியிருக்கும் குடும்பங்கள் பத்துக் கேள்விகளையும் இப்போதே ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.